மணி அடித்தது நான்தான்

சுவர் விழுந்த அன்று ஒருவரும் சாகவில்லை. யாராவது செத்திருந்தால் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் படாததால் எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் குற்றவாளியாக்கினார்கள். இப்படி எழுதுவது கொடுமையாகத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் நடந்தது அதுதான்.  

எந்தத் தீவு, எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லப்போவதில்லை. என் சொந்த ஊர் கரம்பொன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, ஊர்காவற்றுறையிலிருந்து மோட்டார் லோஞ்சில் கடல் கடந்து போகவேண்டிய ஒரு தீவில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் குமுறினால் அதுவும் இல்லை. அங்கேயே இருந்துவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எந்நேரமும் வீட்டுக்கு ஓடத் துடித்த ஆள் என்று பிறகு கதை கட்டினார்கள்.

பள்ளிக்கூடம் முன்பு கத்தோலிக்கச் சுவாமிமார் நடத்தியது. அரசாங்கம் எடுத்த பிறகு அதைத் திருத்துவது யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் கையை விரித்தார்கள். கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒரு நீண்ட மண்டபம், ஓட்டுக் கூரை. நடுவில் தட்டி வைத்து மறைத்து அதில் இரண்டு வகுப்புகள் நடத்தினோம். மேற்குப் பக்கச் சுவர் மட்டும் கூரையின் முகடு வரை உயரமாக எழும்பி நின்றது. கடல் பக்கம் பார்த்த சுவர் அது. அந்தப் பக்கம் மரமோ வீடோ இல்லை.

நான் போவதற்கு முந்திய வருடம் அந்தச் சுவரோடு சேர்த்து ஒரு மேடை கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியரின் பெருமை அந்த மேடை. பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் போட்டார்களாம். திரை ஏறி இறங்க இடைஞ்சலாக இருக்கிறது என்று, சுவரையும் கூரையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பனைமர வளைகளை வாளால் அறுத்து எடுத்துவிட்டார்கள். அறுத்த அடையாளம் சுவரில் இரண்டு மொட்டைக் கட்டைகளாகத் தெரிந்தது. மற்ற நாட்களில் மேடை சும்மா கிடக்கக்கூடாது என்று ஆறாம் வகுப்பை அதன்மேல் ஏற்றி வைத்தார்கள். ஆறாம் வகுப்பு என்னுடையது.

முதலில் எனக்குக் காட்டித் தந்தது உலகப் படம். மேடைச் சுவரின் உயரத்தில் ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டிருந்தேன். தை மாதத்தில் படம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சோளகம் அடித்து ஓய்ந்த பிறகு ஒருநாள் அவுஸ்திரேலியாவைக் காட்டப் பிரம்பை நீட்டினேன். பிரம்பு பட்டதும் படம் உள்ளே அமுங்கியது. படத்தின் கீழ்ப் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் என் கை முழுதாக நுழைந்தது. மேலே ஒட்டியிருந்தது, கீழே விலகியிருந்தது. படம் நேராகத்தான் தொங்கியது. சுவர்தான் எங்கள் பக்கம் குனிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. காலையில் வந்து பார்த்தால் பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்கில் மா தூவினதுபோல வெள்ளைத் தூசு. துடைத்தால் அடுத்த நாளும் இருக்கும். மேடைப் பக்க யன்னல் கதவு முன்பு ஒரு விரலால் தள்ளத் திறக்கும். இப்போது தோளால் இடிக்கவேண்டியிருந்தது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு, அதனூடாகப் பகல் வெளிச்சம்.

தலைமையாசிரியரிடம் போனேன்.

"சேர், மேடைச் சுவர் உள்ளுக்குச் சரியுது."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன். படம் சுவரில முட்டுதில்லை. வந்து பாருங்கோ."

வந்தார். நாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார். "ஆணி வளைஞ்சு போச்சுது" என்றார்.

"ஆணி வளைஞ்சா மேலையும் எல்லோ விலகி நிக்கோணும்? கீழ மட்டும்தான் விலகி நிக்குது. மேல பாருங்கோ, வெளிச்சம் தெரியுது."

"நீர் பூமிசாஸ்திரத்தைப் படிப்பியும், காணும். இது வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். என்ர அப்பரும் இதுக்குள்ளதான் படிச்சவர்."

"அப்ப வளை இருந்தது, சேர். நீங்கள்தானே அறுத்தனீங்கள்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று பிறகு பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அவருடைய முகம் இறுகியது. "வாயை நல்லதுக்குத் திறவும், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை படம் அங்கே இல்லை. சுருட்டி அவருடைய அறையில் அலுமாரிக்கு மேல் வைக்கப்பட்டிருந்தது. மேலே வெடிப்பின் மேல் சுண்ணாம்பு பூசி வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் சரிந்தது அவருக்குப் பிரச்சினையாகப் படவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்ததுதான் பிரச்சினை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை.

மண்டபத்தின் மற்றப் பாதியில் எட்டாம் வகுப்பு. அதைப் படிப்பித்தவர் கணக்கு மாஸ்டர், வயதானவர், நல்ல மனிதர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு நூலில் கல்லைக் கட்டி, மேடையில் ஏறி நின்று, சுவரோரமாகப் பிடித்துக் காட்டினேன். நூலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீர் சொல்லுறது சரி பிள்ளை. சரிஞ்சுதான் நிக்குது."

"அப்ப வாங்கோ மாஸ்டர், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்."

"ஐயோ, என்னை இழுக்காதையும். எனக்குப் பென்சன் வரப்போகுது. அந்த மனுசனோட கொளுவ எனக்கு ஏலாது."

"உங்கட பிள்ளையளும் எல்லோ அதுக்குள்ள இருக்குதுகள்?"

"என்ர வகுப்புத் தள்ளித்தானே இருக்கு" என்றார்.

தள்ளித்தானே இருக்கு. தலைமையாசிரியருக்காவது தன் மேடையில் ஒரு பித்து இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இவருக்குக் கண் தெரிந்தது, கணக்குத் தெரிந்தது, எல்லாம் தெரிந்தது.

நூலைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பூமிசாஸ்திரப் பாடத்தில் அவர்களும் நூலில் கல்லைக் கட்டி மேசைக் கால், தூண், யன்னல் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். சுவர் விழும் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முன் வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, கேட்டாள்:

"ரீச்சர், தூண் நேரா நிக்குது. சுவர் மட்டும் ஏன் கீழ நூலை விட்டு விலகுது?"

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கருவாடு காயப்போட்ட கையைக் கழுவிக்கொண்டு நேரே வந்திருக்கிறார். ஆள் அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் நேராகக் கதைப்பார்.

"ரீச்சர், என்ர பிள்ளை சொல்லுறது மெய்யே?"

நான் என்ன செய்வது? பொய் சொல்வதா? "மெய்தான் அம்மா" என்றேன். "பெரிய மழை ஒண்டு பெய்தா நிக்குமோ தெரியாது. நான் சேருக்குச் சொல்லிப்போட்டன்."

தாய் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டார். அவர் சிரித்தாராம். "அந்த ரீச்சருக்குத் தீவில இருக்க விருப்பமில்லை. இடமாற்றம் எடுக்கிறதுக்குச் சுவரைச் சாட்டுறா. குமர்ப்பிள்ளைதானே, வீட்டு நினைவு" என்றாராம். திரும்பி வந்து ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்குச் சொன்னார்.

"நீங்கள் அதை நம்புறீங்களோ?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போற இடத்தில ஒருத்தன் காத்து மாறுது எண்டு சொன்னா, உனக்கு வீட்டை போகவோ ஆசை எண்டு ஆரும் கேக்கிறேல்லை. வள்ளத்தைத் திருப்புவினம்" என்றார். பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை அதன் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. வரவு இல்லாவிட்டால் பெயர் வெட்டுவேன் என்று தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். வெட்டட்டும் என்று தாய் பதில் சொல்லி அனுப்பினார்.

கார்த்திகையில் மழை தொடங்கியது. விடாமல் பெய்தது. பள்ளிக்கூட வளவு முழுக்க வெள்ளம். ஒரு காலை பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கூரைக்குள் ஒரு சத்தம் கேட்டது. அரிதட்டில் மா அரிப்பதுபோல மெல்லிய சத்தம். நின்றது. பிறகு இன்னொரு தரம் கேட்டது. கடைசி வாங்கில் இருந்த பொடியன் தலையைத் தட்டினான். அவனுடைய தலைமயிரில் நனைந்த சுண்ணாம்பு.

 "புத்தகத்தை விட்டிட்டு எழும்புங்கோ. ஓடாதையுங்கோ. வரிசையா வெளியில போங்கோ" என்றேன். அவர்கள் விறாந்தைக்குப் போனதும் தட்டியைச் சுற்றிக் கணக்கு மாஸ்டரிடம் போனேன். "மாஸ்டர், பிள்ளையளை எழுப்புங்கோ." அவர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார், பிறகு மறுபடி எழுதத் தொடங்கினார். தலைமையாசிரியர் சொல்லட்டும் என்றார்.

வேப்பமரத்தில் பள்ளிக்கூட மணி தொங்கியது, ஓர் இரும்புத் துண்டு. மழைக்குள் இறங்கிப் போய் அதை அடித்தேன். பாடம் மாறும் மணி அல்ல, பள்ளிக்கூடம் விடும் மணி, நீளமாக. அந்த மணிக்கு எந்த வாத்தியாராலும் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்க ஏலாது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு மழைக்குள் பாய்ந்தார்கள். எட்டாம் வகுப்பும்தான். எல்லோரையும் எதிரே இருந்த கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தைக்கு அனுப்பிவிட்டு, நனைந்தபடி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவர் விழவில்லை.

தலைமையாசிரியர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர்ச்சனம் முன்னால், பிள்ளைகள் முன்னால் கத்தினார்.

"ஆரைக் கேட்டு மணி அடிச்சனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை, சேர். கூரைக்குள்ள கல் அரைபடுது. போய்க் கேட்டுப் பாருங்கோ."

"கேக்கிறன். இப்பவே போய்க் கேக்கிறன்." விறுவிறென்று மண்டபத்துக்குள் போய், மேடையில் ஏறி, சுவரில் கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார். தட்டிவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்து, "விழுந்துதோ? எங்க, விழுந்துதோ?" என்றார். சங்கக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் வெளியே வரும் வரையில் கூரையைப் பார்த்தபடியே நின்றேன்.

அன்றைக்கே என்னை ஆறாம் வகுப்பிலிருந்து எடுத்துச் சின்ன வகுப்புக்கு மாற்றினார். ஆறாம் வகுப்பைத் தானே எடுத்தார். மேடையில் சுவரோடு கதிரையைப் போட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து படிப்பித்தார். பிள்ளைகளை அதே வாங்குகளில் இருத்தினார். மழை விட்டு வெயில் எறித்தது. கடைக்குப் போனால் "ரீச்சர், இண்டைக்கு மணி அடிக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். பொடியன்கள் என்னைக் கண்டதும் இரும்பில் தட்டினார்கள். நான் சின்ன வகுப்பில் நின்றுகொண்டு, திறந்த கதவால் மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன எழுதினேன், என்ன வாசித்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேர மணி அடிக்கும்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் கிழமை முடியுமுன் ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்த நேரம், அது விழுந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. நான் என் அறையில் சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தேன். பெரிய சத்தமாக இருக்கும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நெல்மூட்டை ஒன்றைத் தொப்பென்று நிலத்தில் போட்டதுபோல ஒரு சத்தம், பிறகு ஓடுகள் சரிந்து உடையும் சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. சோற்றுக் கையோடு ஓடினேன்.

மேடை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வாங்குகள் கற்களுக்கு அடியில் முறிந்து கிடந்தன. தலைமையாசிரியரின் கதிரையைக் காணவே இல்லை. தூசுக்குள் நின்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை மனப்பாடமாகக் கத்திக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். ஒரு பொடியனைக் காணவில்லை. கடைசி வாங்குப் பொடியன். நானும் இன்னும் சிலரும் கல்லைக் கையால் அள்ளத் தொடங்கினோம். அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்ன ரீச்சர் தேடுறியள்?" என்று எனக்குப் பின்னால் நின்று கேட்டான். அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதேன்.

தலைமையாசிரியர் வேப்பமர வேரில் இருந்தார். முகம் சாம்பலாகப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை, சேர்" என்றேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது. அதோடு எல்லாவற்றையும் மறந்திருப்பேன். உண்மையாகவே மறந்திருப்பேன்.

ஆனால் பொழுது சாயுமுன் கதை மாறிவிட்டது. மழையில் ஊறினதால் சுவர் விழுந்ததாம். தலைமையாசிரியர் முன்யோசனையோடு மத்தியானத்தில் ஒரு பிள்ளையையும் மண்டபத்துக்குள் இருக்கவிடாததால் உயிர்கள் தப்பினவாம். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அவருக்கு மாலை போட்டார்கள். அறுத்த வளைகளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. என்னைப் பற்றி வேறு கதை ஓடியது. ரீச்சருக்குக் கரிநாக்கு. சொல்லிச் சொல்லியே விழுத்திப்போட்டா. முதல்நாள் வரை பகிடியாகத் தட்டிய பொடியன்களை இப்போது தாய்மார் என் கண்ணில் படாமல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். இளநீர் குடித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மணி அடிச்சது நீர்தானே?"

"ஓம். நான்தான்."

"அதுக்கு உமக்கு அதிகாரம் இருக்கோ?"

"இல்லை. ஆனா சுவர் விழுந்தது தெரியும்தானே?"

"சுவர் அண்டைக்கு விழேல்லையே." ஏதோ பெரிய நியாயத்தைக் கண்டுபிடித்தவர்போல அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "அண்டைக்கு ஒரு காரணமும் இல்லாமல் பிள்ளையளை மழையில விட்டிருக்கிறீர். தடிமன், காய்ச்சல் எண்டு முறைப்பாடு."

"வளையை அறுத்தது ஆரெண்டு கேளுங்கோ, சேர். கணக்கு மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. நூல் பிடிச்சுப் பாத்தவர் அவர்."

கூப்பிட்டார்கள். வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்டும் அப்பிடித் தெரியேல்லை" என்றார்.

வெளியே நின்ற அந்தத் தாய் கதவுக்குள் தலையை நீட்டினார். "ஐயா, இந்த ரீச்சர் மழைக்கு முன்னமே சொன்னவ. எனக்குச் சொன்னவ. நான் என்ர பிள்ளையை மறிச்சனான்." உங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்று அதிகாரி சொன்னார். "கூப்பிட மாட்டியள் எண்டுதான் நானா வந்தனான்" என்றார் தாய். கதவைச் சாத்தினார்கள்.

தண்டனையாக எனக்கு இடமாற்றம் தந்தார்கள். எங்கே? கரம்பொனுக்குப் பக்கத்தில், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய பள்ளிக்கூடத்துக்கு. வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று நான் போய்ச் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. இதைவிடக் கெட்டித்தனமாக என்னைப் பொய்க்காரி ஆக்க யாராலும் முடிந்திருக்காது. பார்த்தீர்களா, கேட்டது கிடைத்துவிட்டது என்று தீவு முழுக்கச் சொன்னார்கள்.

அதற்கும் ஒரு பிரியாவிடைத் தேநீர் விருந்து வைத்தார்கள். வைக்காவிட்டால் மரியாதை இல்லையாம். சின்ன வகுப்பு அறையில் மேசைகளைச் சேர்த்து, வெள்ளைத் துணி விரித்து, வடையும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் எழும்பி, நான் கடமையில் கண்ணானவள் என்றும் போகிற இடத்தில் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பேசினார். கணக்கு மாஸ்டர் பளபளத்த தாளில் சுற்றிய ஒரு பரிசை என் கையில் தந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பதில் பேசவேண்டிய முறை.

பரிசை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். நன்றி சொல்லவில்லை.

"சேர், நீங்கள் பிள்ளையளைக் காப்பாத்தேல்லை" என்றேன். "சுவர் விழுமெண்டு உங்களுக்குச் சொல்லியும் அதுக்குக் கீழ இருத்தினனீங்கள். மாஸ்டர், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டும் இல்லையெண்டனீங்கள். நான் இடமாற்றம் கேக்கேல்லை. இதை உங்கள் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டுப் போறதுக்குத்தான் இண்டைக்கு வந்தனான்."

 தலைமையாசிரியர் மேசைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். கணக்கு மாஸ்டரின் காது சிவந்திருந்தது. யாரோ ஒருவர், யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ, வடை ஆறுது" என்றார். உடனே எல்லோரும் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்கள். எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி முன்னால் நகர்த்தினார்கள். நான் அதைத் தொடவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு லோஞ்சுத் துறைக்கு நடந்தேன்.